கட்டு வீதியின் வாட்டம்

மாணிக்யாலராவ் யாரையும் நம்பியதில்லை. அதை ஒரு குறை என்றும் அவர் நினைத்ததில்லை. ராவிலங்க நகராட்சியில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருப்பவனுக்கு அதுதான் முதல் தகுதி என்பது அவர் எண்ணம். மணல் லாரி வந்து நின்றால் மேல்மணலைத் திரும்பிப் பார்க்க மாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியில் கிடப்பதை அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பார். சிமெண்டு மூட்டையின் வாயைத் தைத்த நூல் ஆலையில் போட்டதா, கோணி ஊசியால் போட்டதா என்று குனிந்து பார்ப்பார். காய்ந்த கான்கிரீட்டை ஆணியால் கீறுவார், சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுப்பார். "கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தக்காலை ஆட்டிப் பார்த்துட்டுத்தான் உள்ளே நுழைவாரு" என்று ஊரில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் காதிலும் விழும். பந்தக்காலை ஆட்டிப் பார்ப்பதில் என்ன தப்பு என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அவருடைய அப்பா கோதாவரிக் கால்வாயில் மதகுக் காவலாளாக இருந்தவர். மேலதிகாரி ஒருவர் "சும்மா ஒரு கைநாட்டு வை, வீரய்யா" என்று சொன்னதை நம்பிக் கட்டை விரலை நீட்டினார். காணாமல் போன மதகுப் பலகைகள் அத்தனையும் அந்தக் கைநாட்டின் மேல் ஏறின. வேலை போய், குடியிருப்பையும் காலி செய்தபோது மாணிக்யாலராவுக்கு ஏழாம் வகுப்பு. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நகராட்சியில் தினக்கூலியாக ஜல்லி சுமந்தார். கலவை போட்டார். மேஸ்திரிகள் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து மட்டம் எடுக்கக் கற்றுக்கொண்டார். வரைபடம் வாசிக்க யாரும் சொல்லித் தரவில்லை. இன்ஜினியர்கள் மேசையில் விட்டுப் போனதைத் தலைகீழாக நின்று பார்த்தே பழகியதால், கடைசி வரைக்கும் அவருக்கு வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தால்தான் சரியாகப் புரியும். மீசை நரைக்கும் வயதில் ஒர்க் இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். ஆனால் வேலையை நிரந்தரமாக்கவில்லை. ஒவ்வொரு கமிஷனரும் பார்க்கலாம் என்றார், பார்க்காமலே மாற்றலாகிப் போனார்.

அப்படி இருக்கும்போதுதான் கட்டு வீதிக்கு மழைநீர் வடிகால் வந்தது.

கட்டு வீதி, கால்வாய்க் கரையில் தொடங்கித் தென்மேற்காக இறங்கி ஊர்க்கோடி ஓடையில் முடிகிறது. இறங்குகிறது என்பது பேச்சுக்குத்தான். எங்கள் பக்கத்து மண் தாம்பாளம் மாதிரி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு விரல்கடை வாட்டம், அதாவது சரிவு, கிடைத்தால் அதுவே பெரிசு. மழை பெய்தால் வீதி முழுக்க முழங்கால் தண்ணீர். வடிகால் வேண்டும் என்று வீதி பல தேர்தல்களாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மாணிக்யாலராவின் வீடும் அந்த வரிசையில்தான். ஆகவே தன் வீதி வேலையில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று அவர் மற்ற வேலைகளைவிட இரண்டு மடங்கு கண்ணை விரித்துக்கொண்டு நின்றார்.

காண்ட்ராக்டர் தாதாராவ், பெரிய தொப்பையும் அதைவிடப் பெரிய சிரிப்பும் உள்ளவர். முதல் நாளே இளநீர் வெட்டச் சொன்னார்.

"ஒரு வாய் குடிங்க ராவ் காரு. வெயில் மண்டையைப் பொளக்குது."

"வெயில் எனக்குப் பழக்கம்தான். இளநீர்தான் பழக்கமில்ல."

"இளநீர்ல என்ன சார் இருக்கு? தேங்காயத் தவிர?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் மாணிக்யாலராவ்.

வேலை இடத்தில் ஒரு டம்ளர் மோர்கூட வாங்க மாட்டார். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொல்லைப்புறக் கட்டிலில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வருவார். அடிக் கான்கிரீட் போட்டதும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் டியூப் லெவல் பிடித்து வாட்டம் பார்த்தார். சரியாக இருந்தது. அதன்மேல் பூச்சு வேலை நடந்தது. பூச்சு காய்ந்த பிறகு வீதியின் தலையில் ஒரு முறை, கடையில் ஒரு முறை மட்டம் பார்த்தார். அதுவும் சரி. நடுவில் பார்க்கவில்லை. அடி சரியாக இருக்கும்போது மேல் பூச்சு எங்கே போய்விடும்?

வேலை பாதியில் இருக்கும்போதே அவருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. மனைவி சத்யவேணி பரவான்னப் பாயசம் காய்ச்சி வீதிக்கெல்லாம் கொடுத்தாள். உத்தரவில் இருப்பது தன் பெயர்தானா, அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவர் ஆபீசில் விசாரித்துவிட்டு வந்த பிறகுதான் ஒரு கரண்டி சாப்பிட்டார்.

வடிகால் முடிந்து, மழைக்காலம் இன்னும் தொடங்காத நாட்களில், கட்டு வீதிக் குழாய்த் தண்ணீரில் நாற்றம் வந்தது.

முதலில் சொன்னவள் பாப்பாயம்மா. வீதி நடுவில் பெசரட்டுக் கடை, பச்சைப்பயறு தோசைக் கடை, போட்டிருப்பவள். நாக்கும் கல்லும் எப்போதும் சூடாகவே இருக்கும். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகள் நாகமணிக்கு வாந்தியும் பேதியும் கண்டு, நிறைமாத வயிற்றோடு பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீதியில் இன்னும் நாலைந்து வீட்டிலும் அதே கதைதான். பாப்பாயம்மா ஒரு சொம்பு தண்ணீரோடு மாணிக்யாலராவின் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணய்யா! ஊரான் இளநீரெல்லாம் வேணாம்பீங்களாமே. இது நம்ம நகராட்சித் தண்ணி. இதைக் குடிங்க பார்ப்போம்."

அவர் சொம்பை வாங்கி முகர்ந்தார். சாக்கடை வாடைதான்.

"எப்ப பிடிச்சது?"

"ஏன், நானே கலந்து எடுத்துட்டு வந்தேன்னு சந்தேகமா? உங்க குழாயைத் திறங்க. உங்க வீட்டுப் பேதி மட்டும் வேற பேதியா இருக்குமா?"

சத்யவேணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"வடிகால் வர்ற வரைக்கும் தண்ணி நல்லா இருந்துச்சு. வடிகால் வந்துச்சு, கூடவே உங்களுக்குப் பர்மனென்ட்டும் வந்துச்சு. எங்களுக்கு ஆஸ்பத்திரி வந்துச்சு" என்றாள் பாப்பாயம்மா. "ரெண்டுக்கும் நடுவுல என்ன ஓடுச்சுன்னு வீதியே கேக்குது."

அந்தக் கேள்வியை வேறொருவனைப் பார்த்து அவரே பல முறை கேட்டிருக்கிறார்.

மறுநாள் உதவி இன்ஜினியர், ஏ.ஈ. சுதாகர் கூப்பிட்டனுப்பினார். வயதில் சின்னவர். கெட்டவரில்லை, ஆனால் கமிஷனரின் அறையிலிருந்து நேராக வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"மாணிக்யாலராவ், விஷயம் பேப்பர்ல வரப் போகுது. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் வரைக்கும் போகும். திங்கட்கிழமை நான் ஸ்பாட்டுக்கு வர்றேன். தப்பு யாருதுன்னு அன்னிக்கு எனக்கு ஒரு பேர் வேணும்."

"கண்டுபிடிச்சிடறேன் சார்."

"கண்டுபிடிக்கலன்னா உங்க பேரைத்தான் எழுதணும். கொடுத்த உத்தரவை நிறுத்தி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். வந்த வழியில் திரும்பிப் போவதற்கு உத்தரவுகளுக்கு நேரமே ஆகாது.

அவருடைய சந்தேகம் முதலில் தாதாராவின் மேல் விழுந்தது. எப்போதும் அங்கேதான் விழும். சுத்தியலை எடுத்துக்கொண்டு வடிகாலின் சுவரை வீதித் தலையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். எங்கேயும் பொத்தல் ஓசை கேட்கவில்லை. ஆணியால் கீறினார். ஆணிதான் மழுங்கியது. இத்தனை நல்ல வேலையை தாதாராவ் செய்திருக்கிறார் என்பதே அவருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. செய்தி போய், தாதாராவே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தட்டுங்க ராவ் காரு, நல்லா தட்டுங்க. என் வாழ்க்கையிலேயே ஒழுங்கா செஞ்ச ஒரே வேலை இதுதான். உங்களுக்குப் பயந்து செஞ்சேன். அதுலயும் பேர் கெட்டா நான் எங்க போய் முட்டிக்க?"

"குழாய் ஜாயிண்டை உடைச்சீங்களா?"

"குழாயைத் தொட்டிருந்தா என் கை விளங்காம போகட்டும். உங்க நகராட்சிக் குழாய் எங்க தாத்தா காலத்துது. அது உடையறதுக்கு நான் எதுக்கு?"

அது உண்மைதான். ஆனால் தாதாராவ் உண்மை சொல்கிறார் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மாணிக்யாலராவ் மண்வெட்டியை எடுத்தார். பாப்பாயம்மாவின் கடை வாசலில், வீட்டு இணைப்புக் குழாய் வடிகாலைக் குறுக்கே கடக்கும் இடத்தைச் சுரண்டிப் பார்த்தார். துருவேறி, ஊசித் துளைகளாகப் பொடிந்திருந்தது. வீதியில் எல்லா வீட்டு இணைப்பும் அப்படித்தான் இருக்கும். அதனால் இத்தனை காலம் ஒன்றும் ஆனதில்லை. தண்ணீர் வரும் நேரத்தில் கொஞ்சம் வெளியே கசியும், அவ்வளவுதான். இப்போது அந்தத் துளைகளுக்கு மேல் இரண்டு விரல்கடைக்குக் கழிவுநீர் நின்றுகொண்டிருந்தது. வால்வை மூடியதும் குழாய் காலியாகி மூச்சை உள்ளே இழுக்கும். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதையும் சேர்த்து இழுக்கும்.

நாற்றம் வந்த வழி தெரிந்துவிட்டது. ஆனால் ஓட வேண்டிய தண்ணீர் ஏன் நிற்கிறது? குப்பை அடைப்பில்லை. தலைக்கும் கடைக்கும் வாட்டம் இருக்கிறது. அவரே பார்த்தார். இன்னொரு முறையும் டியூப் பிடித்துப் பார்த்தார். இருக்கிறது.

அவர் வடிகாலைப் பார்த்தபடி குந்தியிருந்தபோது, பாப்பாயம்மாவின் கடையில் வேலை செய்யும் பெண் மாவுக் குண்டான் கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வீசி ஊற்றினாள். பச்சைப்பயறு மாவின் வெளுத்த பச்சை, கறுப்புத் தண்ணீரில் தனியாகத் தெரிந்தது. அது ஓடையைப் பார்த்துக் கீழே போக வேண்டும். போகவில்லை. ஒரு நொடி தயங்கிவிட்டு, மெல்லக் கால்வாய்ப் பக்கமாக மேலே நகர்ந்து, கடையின் வடகிழக்கு மூலையில் போய்க் குட்டையாக நின்றது.

அவர் நிமிர்ந்தார். பாப்பாயம்மா கடை வாசலில் நின்று அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்ப்பதைக் கண்டதும், "அடியே, அடுப்பைப் பாரு, கருகுது" என்று கத்திக்கொண்டே உள்ளே போய்விட்டாள். எதுவும் கருகின வாசனை வரவில்லை.

அடுத்த வீடு, ஓய்வுபெற்ற சேஷகிரி மாஸ்டருடையது. மாணிக்யாலராவ் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அங்கே போனார். மாஸ்டர் பதறிப் போய் எழுந்து வந்தார்.

"இங்க எதுக்குப்பா ஊத்தறே? இங்க எல்லாம் சரியா இருக்கு."

"சரியா இருக்கறதைத்தான் பார்க்க வந்தேன் மாஸ்டர்."

"சரியா இருக்கறதை என்னத்தைப் பார்க்கறது? கோளாறு இருக்கற இடத்தைப் போய்ப் பாரு. பாப்பாயம்மா வீட்டை நல்லா பாரு."

ஊற்றினார். அங்கேயும் தண்ணீர் ஈசான மூலைக்குத்தான் போனது. மாஸ்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கி, துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

பூச்சு போட்டவன் ஸ்ரீகாகுளத்து மேஸ்திரி அப்பலஸ்வாமி. சீசனுக்கு வந்து, கால்வாய்க் கரையில் தகரக் கொட்டகை போட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு தங்கியிருந்தான். மாணிக்யாலராவ் போனபோது அவன் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

"வாங்க பாபு. சாப்பிடுங்கன்னா கோவிச்சுப்பீங்க, அதனால சொல்லல."

"யார் சொல்லி வாட்டத்தைத் திருப்பினே?"

அப்பலஸ்வாமி ஒரு கவளத்தை மென்று விழுங்கினான்.

"யார் சொல்லலன்னு கேளுங்க பாபு. அது சீக்கிரம் முடியும்."

"விளையாடாதே. தாதாராவா?"

"அவரு எங்க ஸைட்டுக்கு வந்தாரு? மத்தியானம் நீங்க சோத்துக்குக் கிளம்புவீங்க. உங்க முதுகு மறைஞ்சதும் ஒரு கதவு திறக்கும். 'அப்பலஸ்வாமி, எங்க வாசல்ல மட்டும் கொஞ்சம் ஈசானியத்துக்குச் சாய்ச்சு விடுப்பா. வீட்டுத் தண்ணி தென்மேற்குல கன்னி மூலைக்குப் போனா லட்சுமி நிக்க மாட்டா. பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேணாம்.' இப்படி ஒவ்வொரு வீட்டுலயும். அந்த மாஸ்டரு திசைகாட்டி முள்ளைக் கொண்டுவந்து வடிகால்ல வச்சுக் காட்டினாரு பாபு. பெசரட்டு அம்மா உள்ளே உப்புமா வச்ச நாலு பெசரட்டு குடுத்தாங்க, சூடா."

"நீ செஞ்சிட்டியா? அறிவில்ல?"

"பூச்சுதானே பாபு. ஒரு விரலு ஏத்தி இறக்கினா முடிஞ்சுது. இந்த ஊர்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சேன். குடியிருக்கறது அவங்க. எல்லாரும் அதையே கேப்பாங்கன்னு முதல்ல தெரியல. தெரிஞ்சப்போ பாதி வீதி முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் மாட்டேன்னு சொன்னா, அவங்களுக்கு மட்டும் செஞ்சியேன்னு சண்டைக்கு வந்தாங்க."

ஒவ்வொரு வீடும் தன் ஈசானியத்தில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. நின்றது. வரிசை முழுக்க, வீட்டுக்கு ஒரு குட்டை. இத்தனை நேரமும் கேட்காமல் வைத்திருந்த ஒன்றை மாணிக்யாலராவ் கடைசியில் கேட்டார்.

"என் வீட்டு வாசல்ல?"

அப்பலஸ்வாமி தட்டைப் பார்த்தான். உள்ளே அவன் பெண்டாட்டி பாத்திரம் உருட்டுவதை நிறுத்தினாள்.

"அங்கதான் பாபு ஆரம்பம். அம்மா வந்து சொன்னாங்க. கொல்லையில உங்க குறட்டை எனக்கே கேட்டுச்சு. இன்ஸ்பெக்டரு வீட்டு அம்மாவே சொல்றாங்க, அப்ப தப்பில்லன்னு நெனச்சேன். மத்தவங்களும் அம்மா நிக்கறதைப் பார்த்துட்டுத்தான் வந்திருப்பாங்க."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம், அவன் பொய் சொல்கிறான் என்பதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டே வந்தார். தன் வாசலுக்கு வந்ததும் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வடிகாலில் ஊற்றினார். அதற்குப் பிறகு காரணம் தேட அவசியம் இருக்கவில்லை.

சத்யவேணி மறைக்கவில்லை. மடியில் கோங்கூரக் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டே பேசினாள்.

"ஆமாங்க, நான்தான் சொன்னேன். இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு? ஒரு நல்லது நடந்துதா? நம்ம ஜோசியர் சித்தாந்தி என்ன சொன்னாரு? தண்ணி கன்னி மூலையில வெளியே போகுது, அதனாலதான் வேலை ஒட்ட மாட்டேங்குதுன்னாரு. நான் திருப்பினேன். அந்த மாசமே உத்தரவு வந்துதா இல்லையா?"

"உத்தரவு வந்தது சர்க்கார் ஜீ.ஓ. போட்டதால."

"ஜீ.ஓ. இத்தனை வருஷம் ஏன் போடல?"

பல வருஷங்களாக அவரே கேட்ட கேள்வி அது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா டியூப்பைத் தூக்கிட்டு வருவீங்க." அவள் கீரைக்காம்பை ஒடித்தாள். "இப்ப அதைக் கொத்தி மறுபடி பழைய மாதிரி விட்டா உங்க வேலை போயிடும். நான் சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க. அந்த ஸ்ரீகாகுளத்தான் சீசன் முடிஞ்சா ஊருக்குப் போயிடுவான். அவன் பேரைச் சொன்னா அவனுக்கு என்ன ஆகும்? தாதாராவ் வேற ஆளை வச்சுக்குவாரு. அவ்வளவுதான்."

"அந்தப் பொண்ணு நாகமணி?"

சத்யவேணியின் கை நின்றது. "சாயந்திரம் போய்ப் பார்த்தேன். கஞ்சி குடிக்கிறா. குழந்தை அசையுதாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

திங்கட்கிழமை ஏ.ஈ. சுதாகர் வந்தபோது வீதியில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. தாதாராவ் துண்டால் முகத்தைத் துடைத்தபடி ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார். அப்பலஸ்வாமியைத் தலைப்பாகையோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஏ.ஈ. கேட்கும் முன்பே சேஷகிரி மாஸ்டர் தொடங்கினார்.

"சார், இதுல விசாரிக்க என்ன இருக்கு? வேத்தூர் மேஸ்திரி. நம்ம ஊர் மட்டம் தெரியாதவன். பூச்சுல சொதப்பிட்டான்."

"குடிச்சிட்டு வேலை செஞ்சிருப்பான்" என்று யாரோ சொன்னார்கள்.

"என் பொண்ணைப் படுக்க வச்சுட்டான் பாவி" என்றாள் பாப்பாயம்மா. சத்தம் மட்டும் வழக்கம் போல இல்லை.

அப்பலஸ்வாமி வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பது மாணிக்யாலராவுக்குப் புரியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் வீதியே நாறும். சொல்லாமல் இருக்க எந்த வீட்டில் எவ்வளவு வாங்கியிருக்கிறான்? அல்லது அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்கிறானா? சத்யவேணி நிலைப்படியில் நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாணிக்யாலராவ், பேர் சொல்லுங்க. இந்த மேஸ்திரிதானா?" என்றார் ஏ.ஈ.

தலையை ஆட்டினால் போதும். உத்தரவு பெட்டியில் பத்திரமாக இருக்கும். அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவர் கண்ணால் பார்க்காத எதற்கும் வாழ்க்கையில் தலையாட்டியதில்லை. கண்ணால் பார்த்ததற்கு மாறாகத் தலையாட்ட அந்தக் கழுத்துக்கு வரவில்லை.

"சொல்றதை நம்ப வேணாம் சார். தண்ணி ஊத்திப் பார்த்துடலாம்" என்றார். "முதல்ல என் வீட்டு வாசல்ல ஊத்துங்க."

ஊற்றினார்கள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஈசானியத்துக்குப் போனது.

"இதைத் திருப்பினது மேஸ்திரி இல்ல சார். என் வீட்டுல சொல்லித் திருப்பினது. மேஸ்திரி கேட்டதைச் செஞ்சான். ஒர்க் இன்ஸ்பெக்டர் நான், பூச்சுக்கு அப்புறம் நடுவுல மட்டம் பார்க்கல. மத்த வீட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. வாளி இருக்கு, ஊத்திப் பாருங்க."

ஏ.ஈ. வாளியோடு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். "எங்க வீட்டுல அப்படியெல்லாம்..." என்று மாஸ்டர் முன்னால் வந்தார். தண்ணீர் அவர் பேச்சுக்குக் காத்திருக்கவில்லை. அதற்கடுத்து பாப்பாயம்மா. அதற்கடுத்த வீடு. ஏழாவது வீட்டுக்குப் போனபோது வீதியில் பெரிய சண்டை கிளம்பிவிட்டது.

"அப்ப நீயும் செஞ்சியா? என்கிட்ட வாஸ்துல நம்பிக்கையே இல்லைன்னியே!"

"நீங்க திசைகாட்டி வச்சது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சீங்களா மாஸ்டர்? சன்னல்லேர்ந்து நான் பார்த்தேன்."

"பார்த்துட்டுத்தானே நீயும் செஞ்சே?"

"உங்க லட்சுமி மட்டும் நிக்கணும், எங்க லட்சுமி ஓடையோட போகணுமா?"

ஏ.ஈ. கையைத் தூக்கினார். யாரும் கேட்கவில்லை. ஜீப்பின் ஹாரனை அடித்த பிறகுதான் அடங்கினார்கள்.

"யார் யார் மேஸ்திரிகிட்ட சொன்னது? சொல்லுங்க."

இவ்வளவு நேரம் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தவர்கள், அதிகாரி கேட்டதும் வாசலில் உட்கார்ந்த கோழிகள் போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். சுதாகர் மாணிக்யாலராவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நான் முழு வீதியையும் எழுத முடியாது. நாளைக்கு வார்டு மெம்பர் வந்து என் கழுத்துல உட்காருவாரு. எனக்கு ஒரு பேர்தான் வேணும்னு சொன்னேன்ல. ஏன்யா இப்படிப் பண்ணினீங்க?"

"ஒரு பேர் சொல்லிட்டேனே சார்."

சுதாகர் ஜீப்பில் ஏறிப் போனார்.

பூச்சை மொத்தமாகக் கொத்தி எடுத்து, ஓடைப் பக்கமாக வாட்டம் விட்டு மறுபடி போட்டார்கள். வீட்டு இணைப்புக் குழாய்களையும் மாற்றினார்கள். அப்பலஸ்வாமிதான் போட்டான். மாணிக்யாலராவ் அதைப் பார்க்க நிற்கவில்லை, நிற்க உரிமையும் இல்லை. உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டு, அவர் மறுபடி தினக்கூலியாக, வால்வு திறந்து மூடும் கோஷ்டிக்குப் போயிருந்தார். நாகமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம். மழை வந்தபோது கட்டு வீதியில் கணுக்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. ஓடையை நோக்கி ஓடும் தண்ணீரை ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலிருந்தும் ஒரு முகம் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வீதி இரண்டு கட்சி ஆயிற்று. வாட்டத்தை மறுபடி ஓடைக்குத் திருப்பிய வாரமே இன்ஸ்பெக்டர் வேலை போனதைப் பார்த்தீர்களா, சித்தாந்தி சொன்னது சும்மாவா என்றது ஒரு கட்சி. சத்யவேணி வாயால் சொல்லாவிட்டாலும் அந்தக் கட்சிதான். இன்னொன்று பாப்பாயம்மா கட்சி. அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்.

"எவனாவது சும்மா தன் பேரைத் தானே எழுதச் சொல்வானா? தாதாராவ் தப்பிச்சாரு, மேஸ்திரி தப்பிச்சான். இந்த மனுஷனுக்கு ஏதோ வந்திருக்கு. அமுக்கமா வச்சிருக்காரு. பாரு, ஒரு நாள் வெளியே வரும்."

அதற்காகப் பல நாள் காத்திருந்தார்கள். சங்கராந்திக்கு அவர் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது வீதிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள். அவருடைய மகன், தன் மாமனார் கொடுத்த சைக்கிளில் பண்டிகைக்கு வந்து இறங்கினான். அது யார் கொடுத்தது என்று மாஸ்டரே வந்து பேச்சுவாக்கில் விசாரித்துவிட்டுப் போனார். மாணிக்யாலராவுக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் வேறொருவன் அப்படிச் செய்திருந்தால் அவரும் இதையேதான் நினைத்திருப்பார். எங்கேயாவது போய்ச் சுவரைத் தட்டிக்கூடப் பார்த்திருப்பார்.

ஒரு விடிகாலையில் அவர் வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது, சத்யவேணி காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், வெகு நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. நெஜமாவே அந்தத் தாதாராவ் உங்களுக்கு ஒண்ணும் கொடுக்கலியா?"

மாணிக்யாலராவ் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, கட்டு வீதிக்குத் தண்ணீர் விடும் நேரமாகிவிட்டதால், வால்வைத் திறக்கப் போனார்.